பீர் காய்ச்சும் அண்டாவுக்கு வைஃபை ஹீட்டர் கண்ட்ரோலர்: எது எங்கே சொதப்பும்?

அமெரிக்காவில் வீட்டு ப்ரூயிங்குக்குப் பலரும் வாங்கும் 240 வோல்ட், 5500 வாட் காயிலை (தண்ணீருக்குள் இருந்து சூடேற்றும் கம்பிச்சுருள்) வைத்தே பேசுவோம். சுமார் 23 ஆம்பியர் இழுக்கும். 30 ஆம்பியர் ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர் (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிப்பது), 10 கேஜ் செம்பு ஒயர் கட்டாயம். 30 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து, மால்ட் (முளைகட்டிய தானியம்) ஊறவைக்கும் 67-க்கு ஏற ஏறக்குறைய 18 நிமிடம். இந்தக் காயிலை ஸ்மார்ட் சுவிட்ச் ரிலேயில் மாட்டி, சூட்டைக் கட்டுப்படுத்த இரண்டு நொடிக்கு ஒருமுறை ஆன்-ஆஃப் செய்ய நினைக்காதீர்கள். காண்டாக்ட் கருகி ஒட்டிக்கொள்ளும். எஸ்.எஸ்.ஆர். (சாலிட் ஸ்டேட் ரிலே, அசையும் காண்டாக்ட் இல்லாத மின்னணு சுவிட்ச்) தான் சரி.

———

எஸ்.எஸ்.ஆர். சரிதான் சகோ, அதன் சூட்டையும் சொல்லிவிடுங்கள். உள்ளே 1.3 வோல்ட் விழுந்தால் 23 ஆம்பியருக்கு 30 வாட். மூடிய பெட்டிக்குள் வைத்தால் வெந்துவிடும். ஹீட் சிங்கைப் பெட்டிக்கு வெளியே, துடுப்புகள் செங்குத்தாக இருக்கும்படி பொருத்துங்கள்; இடையில் பூசும் தெர்மல் பேஸ்ட் மெல்லிசாகப் போதும்.

முக்கியமானது: எஸ்.எஸ்.ஆர். பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். காயில் எரிந்துகொண்டே இருக்கும், போனில் 'ஆஃப்' என்று காட்டும். அதனால் எஸ்.எஸ்.ஆருக்கு முன்னால் ஒரு காண்டாக்டர் (பெரிய மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே), இரண்டு லைவையும் துண்டிப்பதாக, கைக்கு எட்டும் சுவிட்சோடு.

———

கண்ட்ரோலருக்கு ஈஎஸ்பி8266 (வைஃபை உள்ள சிப்) போர்டு என்றால், எஸ்.எஸ்.ஆரை இயக்கும் பின் தேர்வில் கவனம். ஜிபிஐஓ16 என்ற பின் பூட் ஆகும்போது ஹையாக, அதாவது 'ஆன்' நிலையில், இருக்கும். ரீஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் காயில் சட்டென ஒருமுறை எரிந்து அணையும். ஜிபிஐஓ4 அல்லது 5 எடுத்து, 10 கே ரெசிஸ்டரால் கிரவுண்டுக்கு இழுத்து வையுங்கள். எஸ்.எஸ்.ஆர். இன்புட்டுக்கு 3 வோல்ட் போதும் என்று எழுதியிருந்தாலும் 3.3 வோல்ட் விளிம்புதான். ஒரு டிரான்சிஸ்டர் வைத்து 5 வோல்ட்டில் ஓட்டினால் நிம்மதி.

———

டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாருக்கு 4.7 கே புல்-அப் (டேட்டா ஒயரை பாசிட்டிவ் பக்கம் இழுக்கும் ரெசிஸ்டர்) மறக்க வேண்டாம். ஒயர் கழன்றால் ஆர்டுயினோ லைப்ரரி -127 என்று தரும். பிஐடி (டார்கெட் சூட்டுக்கு ஏற்ப பவரைக் கூட்டிக் குறைக்கும் கணக்கு) அதை நம்பி, "அடடா, உறைந்து கிடக்கிறதே" என்று முழு பவரையும் திறந்துவிடும்! பவர் தடுமாறினால் 85 வரும். 0-க்குக் கீழே எது வந்தாலும், திடீரென 85 குதித்தாலும், அவுட்புட்டை நிறுத்தும் வரி கோடில் இருந்தே ஆகவேண்டும்.

சென்சாரைக் காயில் பக்கத்தில் வைக்காதீர்கள். பம்ப் ஓடும் அமைப்பில் காயிலைத் தாண்டி வெளியேறும் குழாயில் வைத்தால் மால்ட் மேல் விழும் வோர்ட்டின் (மால்ட் ஊறிய இனிப்புச் சாறு) உண்மைச் சூடு தெரியும். பம்ப் அடைத்துக்கொண்டால் அந்தக் குழாய் ஆறிப்போகும், கண்ட்ரோலரோ இன்னும் சூடேற்றும். ஓட்டம் நின்றால் காயிலையும் நிறுத்த ஒரு ஃப்ளோ சுவிட்ச் போடுவது நல்லது.

———

பிஐடி கணக்கு எங்கே ஓடுகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். அது சிப்பிலேயே ஓட வேண்டும். இந்தச் சிப்புகளுக்கான ஈஎஸ்பிஹோம் மென்பொருளில் பிஐடி கிளைமேட், ஸ்லோ பிடபிள்யூஎம் (மெதுவாக ஆன்-ஆஃப் செய்து பவரைக் கட்டுப்படுத்துவது) இரண்டும் இருக்கின்றன. கிளவுடிலோ, ஹோம் அசிஸ்டன்ட் என்ற ஸ்மார்ட் வீட்டு சர்வரிலோ ஓடினால், ரௌட்டர் படுத்ததும் காயில் கடைசியாக வந்த கட்டளையிலேயே நின்றுவிடும். போன் பார்ப்பதற்கும் டார்கெட் மாற்றுவதற்கும் மட்டும். அப்புறம், இரும்புப் பெட்டிக்குள் போர்டை அடைத்துவிட்டு சிக்னல் இல்லை என்று புலம்பாதீர்கள். ஆன்டெனாவை வெளியே கொண்டுவரும் வகை போர்டு வாங்குங்கள்.

———

கொதிக்கும் கட்டத்தில் பிஐடியை விட்டுவிடுங்கள். 100 டிகிரி டார்கெட் வைத்தால், உயரமான ஊரில் தண்ணீர் 96-லேயே கொதிக்கும். கண்ட்ரோலர் 100 சதவீதத்திலேயே நின்று பொங்கவைக்கும். மேனுவலில் சதவீதம் கொடுத்து, தளதளவென்று கொதிக்கும் அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். காயில் தண்ணீரில் மூழ்காமல் இருக்கும்போது ரிமோட்டில் ஆன் செய்தால் சில நொடிகளில் கருகும். அண்டா கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து ஆன் பட்டனைத் தொடாதீர்கள்.