வீட்டில் தமிழ், வட்டாரம், வசதி: சிங்கப்பூர்த் தரவுகளை எப்படி இணைப்பது?

ஈசூன்வாசி கேட்டது:

வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக ஒரு கேள்வியை எடுத்திருக்கிறேன்: சிங்கப்பூரில் எந்த வட்டாரங்களில் வீட்டில் தமிழ் நிலைக்கிறது, எங்கே ஆங்கிலம் அந்த இடத்தைப் பிடிக்கிறது, அதற்கும் குடும்பத்தின் வசதிக்கும் தொடர்பு உண்டா?

கையில் மூன்று கோப்புகள் இருக்கின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வட்டாரவாரி இன அட்டவணை, அதே கணக்கெடுப்பின் வட்டாரவாரி வீட்டுமொழி அட்டவணை, அரசாங்கத்தின் டேட்டா.கவ்.எஸ்ஜி தளத்தில் இறக்கிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை விலைகள். வட்டார வருமானத்துக்குப் பதிலாக விலையை வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

சிக்கல்கள் இவை. இன அட்டவணையைக் கூட்டினால் ஏறத்தாழ 12 மில்லியன் வருகிறது. மொழி அட்டவணையில் பல வட்டாரங்களே இல்லை. ஒருவரின் வீட்டுமொழியும் வருமானமும் ஒரே வரிசையில் இருக்கும் தனிநபர் தரவு எங்காவது கிடைக்குமா? 2010 கணக்கெடுப்புடன் ஒப்பிடலாமா?

தரவாளர்:

12 மில்லியனில் இருந்தே தொடங்குவோம். அந்தக் கோப்பில் மூன்று அடுக்கு வரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கின்றன. முதல் வரிசை நாடு முழுமைக்குமான ‘டோட்டல்’. அடுத்து ‘அங் மோ கியோ - டோட்டல்’ என்பதுபோல் திட்டப் பகுதி (நகரத் திட்டமிடலுக்காக வகுத்த வட்டாரம்) வரிசை. அதன்கீழ் ‘அங் மோ கியோ டவுன் சென்டர்’ போன்ற துணைவட்டாரங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் அதே 4.04 மில்லியன் பேரை மூன்று முறை எண்ணியதாகிவிடும். ‘டோட்டல்’ என்று முடியும் வரிசைகளைத் தனிக் கோப்பாகப் பிரித்துவிடுங்கள். துணைவட்டாரங்களை மட்டும் கூட்டி, பிரித்து வைத்த பகுதி மொத்தத்துடன் சரிபாருங்கள். சிறு வித்தியாசம் இருக்கும், ஏனென்றால் எண்கள் அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கப்பட்டவை. சில கட்டங்களில் எண்ணுக்குப் பதிலாக ஒரு கோடு மட்டும் இருக்கும். யாரும் இல்லை அல்லது மிகக் குறைவு என்று பொருள். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் அந்தக் கோட்டைப் பார்த்ததும் பத்தி (மேலிருந்து கீழான நெடுவரிசை) முழுவதையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். ஆகவே கோப்பை வாசிக்கும்போதே கோட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

முழுமையாக்கல் பெரிய பகுதிகளைப் பாதிக்காது. ஆனால் ‘20 இந்தியர்’ என்று அச்சாகியிருக்கும் துணைவட்டாரத்தில் உண்மையில் 15 பேரும் இருக்கலாம், 24 பேரும் இருக்கலாம். அங்கே விழுக்காடு போட்டால் அர்த்தமில்லை. 1,000 குடியிருப்பாளருக்குக் கீழே உள்ள துணைவட்டாரங்களை விட்டுவிடுவது நல்லது. எந்த எல்லைக்கோட்டை வைத்தாலும் ஆய்வேட்டில் எழுதுங்கள்.

மொழி அட்டவணையில் வட்டாரங்கள் குறைவதற்குக் காரணம் வேறு. இனம், பால், வயது ஆகியவை அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து வருவதால் எல்லாருக்கும் உண்டு, துணைவட்டாரம் வரை இறங்கலாம். மொழி, சமயம், பயண முறை போன்றவை பதிவேட்டில் இல்லை. அவற்றை 150,000 குடும்பங்களிடம் மாதிரியாகக் கேட்டார்கள். நாட்டில் குடியிருப்பாளர் குடும்பங்கள் சுமார் 1.37 மில்லியன், ஆக ஒன்பதில் ஒன்று. அதனால்தான் மொழி அட்டவணை திட்டப் பகுதியோடு நின்றுவிடுகிறது. மக்கள் குறைந்த பகுதிகளெல்லாம் ‘மற்றவை’ என்று ஒரே வரிசையில் போய்விடுகின்றன. ஒரு பகுதியில் 1,000 பேர் தமிழ் பேசுவதாக அட்டவணை சொன்னால் அதற்குப் பின்னால் உண்மையில் பதில் சொன்னவர்கள் சுமார் 110 பேர். அவர்களும் ஒரே வீட்டில் மூன்று நான்கு பேராக இருப்பார்கள். ஒரு வீட்டார் பெரும்பாலும் ஒரே பதிலையே தருவதால் உண்மையான பிழை வரம்பு 110 பேருக்குரியதைவிட அகலம்.

இதைவிட முக்கியம், எண்ணப்படுபவர் யார் என்பது. இந்த மூன்றையும் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் இருப்பவர்கள் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே. 2020ல் நாட்டில் இருந்த சுமார் 1.64 மில்லியன் குடியிருப்பாளர் அல்லாதோர் இதில் இல்லை. தங்குவிடுதிகளில் இருக்கும் தமிழ் பேசும் ஊழியர்கள் முழுவதும் வெளியே. லிட்டில் இந்தியா துணைவட்டாரத்தை எடுத்து ‘தமிழ் குறைவு’ என்று யாராவது எழுதினால், ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் நடக்கும் கூட்டத்தைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்லவில்லை என்பதை உணரவில்லை.

‘இந்தியர்’ என்ற பிரிவில் பாகிஸ்தான், பங்ளாதேஷ், இலங்கை வம்சாவளியினரும் அடக்கம். மலையாளி, பஞ்சாபி, வங்காளி எல்லாரும் அதற்குள்தான். தமிழ் பேசுவோர் எண்ணை மொத்த இந்தியர் எண்ணால் வகுத்து ‘தமிழர்களில் இத்தனை பேர் தமிழை விட்டுவிட்டார்கள்’ என்று சொல்லவே கூடாது.

மூன்றாவது, கேள்வி. ‘வீட்டில் மிக அதிகமாகப் பேசும் மொழி’ என்று, 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைக் குறித்துக் கேட்கிறார்கள். 2020ல் ஆங்கிலம் 48.3%, தமிழ் 2.5%. 2010ல் ஆங்கிலம் 32.3%. ஆனால் ஆங்கிலத்தை முதலாகச் சொன்னவர்களில் சுமார் 87% பேர் வீட்டில் ஒரு தாய்மொழியையும் பேசுவதாகச் சொன்னார்கள். ஆக முதலிடத்திலிருந்து தமிழ் இறங்கியதால் அந்த வீட்டை விட்டே போய்விட்டது என்று ஆகாது. உங்கள் கேள்வியில் ‘நிலைக்கிறது’ என்ற சொல்லுக்கு இந்த இரண்டில் எதைக் கொள்கிறீர்கள் என்று முடிவுசெய்யாமல் ஒரு வரைபடமும் போடாதீர்கள்.

காலாங் கரை:

மறுவிற்பனை விலை பற்றி மட்டும் சொல்கிறேன். நல்ல தரவு, ஆனால் நீங்கள் கேட்கும் வேலைக்கு அரைகுறையாகத்தான் உதவும்.

கோப்புகள் ஐந்து துண்டுகளாக இருக்கின்றன: 1990 முதல் 1999, 2000 முதல் பிப்ரவரி 2012, மார்ச் 2012 முதல் 2014, 2015–2016, 2017க்குப் பின். முதல் இரண்டில் தேதி என்பது ஒப்புதல் தேதி, மற்றவற்றில் பதிவுத் தேதி. 2012ஐத் தாண்டிக் கோடு வரைந்தால் இந்த ஒட்டு தெரியும். எஞ்சிய குத்தகைக்காலம் 2015 கோப்பிலிருந்துதான் வருகிறது. அதில் வெறும் ஆண்டு எண். 2017 கோப்பில் ‘61 இயர்ஸ் 04 மன்த்ஸ்’ என்று எழுத்தாக இருக்கும், மாதமாக மாற்ற வேண்டும். சில வரிசைகளில் மாதப் பகுதியே இருக்காது, அதற்கும் இடம்வைத்து எழுதுங்கள்.

பெரிய கண்ணி ‘டவுன்’ பத்தி. அது வீவக நகரம், நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் திட்டப் பகுதி அன்று. பெயர் ஒன்றாக இருப்பதால் அப்படியே இணைத்துவிடத் தோன்றும். ‘காலாங்/வாம்போ’ காலாங், நொவீனா திட்டப் பகுதிகளில் பரவியிருக்கிறது. ‘சென்ட்ரல் ஏரியா’ என்பதற்குத் திட்டப் பகுதிப் பட்டியலில் நேரான இணையே இல்லை. வழி: புளோக் எண்ணையும் சாலைப் பெயரையும் சேர்த்து, முதலில் ஒரே முகவரி மீண்டும் வருவதை நீக்குங்கள். பிறகு அந்தப் பட்டியலை மட்டும் ஒன்மேப் (அரசாங்கத்தின் இணைய வரைபடம்) தேடலுக்கு அனுப்பி அட்சரேகை தீர்க்கரேகை வாங்கி, திட்டப் பகுதி எல்லைக்குள் விழுவதைப் பாருங்கள். லட்சக்கணக்கான விற்பனைகள் சில ஆயிரம் முகவரிகளாகச் சுருங்கிவிடும். சாலைப் பெயர்ச் சுருக்கங்களை முன்பே விரித்துக்கொள்ளுங்கள்: ‘சி'வெல்த்’ காமன்வெல்த், ‘லோர்’ லோரோங், ‘ஜேஎல்என்’ ஜாலான், ‘யுபிபி’ அப்பர். மொத்தத் தொகுதி மறுமேம்பாட்டில் இடிக்கப்பட்ட புளோக்குகள் கிடைக்காமல் போகலாம். அவற்றைத் தனியாக எழுதி வையுங்கள், சத்தமில்லாமல் உதிரவிடாதீர்கள்.

எல்லைக் கோப்பில் துணைவட்டாரப் பெயர்கள் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும், கணக்கெடுப்பில் அப்படி இல்லை. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து இணையுங்கள். சில எல்லைக் கோப்புகளில் பெயர், குறியீடு எல்லாம் ‘டிஸ்க்ரிப்ஷன்’ என்ற ஒரே பத்தியில் எச்டிஎம்எல் அட்டவணையாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும், அதைப் பிரித்தெடுக்க வேண்டும். பரப்பளவோ தூரமோ கணக்கிடும் முன் சிங்கப்பூரின் மீட்டர் அளவிலான எஸ்விஒய்21 ஆயமுறைக்கு, அதாவது ஈபிஎஸ்ஜி குறியீடு 3414க்கு, மாற்றுங்கள். டிகிரியில் தூரம் எடுத்தால் விடை குப்பை.

இனி விலை எதை அளக்கிறது? வீட்டின் பரப்பு, குத்தகை வயது, மாடி, நகர மையத்துக்கு உள்ள தூரம். அந்த வட்டாரத்தில் ஏற்கனவே வாழ்பவரின் வருமானத்தை அல்ல. வாடகை வீவக வீடுகளும் தனியார் வீடுகளும் இதில் இல்லவே இல்லை. கணக்கெடுப்பிலேயே வட்டாரவாரி வீட்டுவகை அட்டவணை இருக்கிறது. ஒன்றிரண்டு அறை வீவக வீடுகளின் பங்கையும் தனியார் வீடுகளின் பங்கையும் எடுங்கள், விலையைவிட நேர்மையான அளவு அது.

தரவாளர்:

காலாங் கரை சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். வீவக இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 முதல் இருக்கிறது. இந்தியர் மற்றும் பிறருக்கான உச்சவரம்பு 2010ல் உயர்த்தப்பட்டு, அக்கம்பக்கத்துக்கு 12%, புளோக்குக்கு 15% ஆனது. வீவக நகரங்களுக்கிடையே இந்தியர் பங்கில் பெரிய ஏற்றத்தாழ்வு வரவிடாமல் தடுப்பதே அதன் நோக்கம். உங்கள் பின்னடைவுக் கணக்குக்கு (ரிக்ரெஷன், ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது) தேவையானதோ அந்த ஏற்றத்தாழ்வுதான். முப்பது சொச்சம் புள்ளிகள், அவற்றிலும் வேறுபாடு குறைவு. அங்கே கிடைக்கும் தொடர்பை ஒன்றிரண்டு பகுதிகள் மட்டுமே இழுத்துக்கொண்டு வரலாம். ஒவ்வொரு பகுதியாக நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். எதையாவது நீக்கியதும் தொடர்பின் கூட்டல், கழித்தல் குறி மாறினால் அந்த முடிவை வைத்துக்கொள்ளாதீர்கள்.

வசதியான வட்டாரத்தில் ஆங்கிலம் அதிகம் என்று தெரிந்தாலும், வசதியான தமிழ்க் குடும்பம் ஆங்கிலம் பேசுகிறது என்று சொல்ல முடியாது. அந்த வட்டாரத்தில் ஆங்கிலம் பேசுபவர் பெரும்பாலும் சீனராக இருக்கலாம். இனம், வயது, மொழி மூன்றும் சேர்ந்த அட்டவணையும் கல்வித்தகுதியோடு சேர்ந்ததும் முதல் புள்ளிவிவர வெளியீட்டில் உள்ளன. வட்டாரம் அதில் கிடையாது. ஆனால் உங்கள் கேள்விக்கு அதுதான் இன்னும் நெருக்கம்.

சுவா சூ காங் வாசகி:

தனிநபர் தரவு பற்றி. உடனே இறக்கிக்கொள்ளக் கூடியது உலக விழுமியங்கள் ஆய்வு (வேர்ல்ட் வேல்யூஸ் சர்வே), பல நாடுகளில் மக்களின் மனப்பான்மையைக் கேட்கும் கருத்தாய்வு. சிங்கப்பூர் 2002, 2012, 2020 சுற்றுகளில் இருக்கிறது. 2020ல் நடந்த ஏழாம் சுற்றில் 2,012 பேர். பெயர், நோக்கம் எழுதிப் படிவம் நிரப்பினால் கோப்பு கிடைக்கும். நாட்டுக் குறியீடு 702 என்று வடிகட்டுங்கள். வீட்டுமொழி, இனம் இரண்டும் உண்டு. வருமானம் டாலரில் இல்லை, பதில் சொல்பவர் தம்மைத் தாமே 1 முதல் 10 வரையான படியில் வைக்கிறார். எதிர்ம எண்களைக் கவனியுங்கள்: தெரியாது என்பது -1, பதில் இல்லை -2. அவற்றை நீக்காமல் சராசரி எடுத்தால் எல்லாம் கீழே சரியும். எடையிடும் பத்தியையும் பயன்படுத்துங்கள்.

ஆனால் எண்ணிக்கையைப் போட்டுப் பாருங்கள். மக்கள்தொகையில் இந்தியர் 9% என்றால் 2,012ல் சுமார் 180 பேர். பாதிப்பாதியாகப் பிரியும் ஒரு விடைக்கு 95% நம்பிக்கையில் பிழை வரம்பு கூட்டியோ கழித்தோ 7 புள்ளிகள். மூன்று வருமானக் குழுவாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 60 பேர், வரம்பு ஏறத்தாழ 13 புள்ளிகள். தமிழ் பேசுவோரை மட்டும் எடுத்தால் இன்னும் குறையும். வட்டாரமாகப் பிரிப்பதை மறந்துவிடுங்கள். மொழி பற்றிய மனப்பான்மைக்கு இது நல்ல துணைத் தரவு, உங்கள் ஆய்வின் முதுகெலும்பாக இது தாங்காது.

கொள்கை ஆய்வுக் கழகத்தின் இனம், சமயம், மொழி ஆய்வு சுமார் 4,000 பேரைக் கொண்டது. அறிக்கைகளில் இனவாரி அட்டவணைகள் இருக்கின்றன. அவற்றின் கேள்வி வாசகங்களை அப்படியே எடுத்து உங்கள் நேர்காணலில் கேட்டால் ஒப்பிட ஒரு தளம் கிடைக்கும்.

ஏற்கனவே உள்ள தரவு என்றாலும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் விலக்குக் கடிதத்தைத் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள்.

ஈசூன்வாசி:

மிக்க நன்றி. வட்டாரத்தை முக்கிய அலகாக வைப்பதை விட்டுவிட்டு, வயது, கல்வி, மொழி அட்டவணைகளை மையமாக்கிக்கொள்கிறேன். வட்டாரம் பின்னணி வரைபடமாக மட்டும் இருக்கும். 2010 ஒப்பீடு இன்னும் தெளிவாகவில்லை.

தரவாளர்:

தேசிய அளவில் தாராளமாக ஒப்பிடலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளின் விழுக்காட்டை அப்படியே கழிக்காதீர்கள். 2020ன் ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் தமிழ் பேசும் விழுக்காட்டை எடுத்து, 2010ன் இந்தியர் வயது அமைப்பால் எடையிட்டுக் கூட்டுங்கள். அந்த எண்ணுக்கும் 2010ன் உண்மை எண்ணுக்கும் உள்ள வேறுபாடுதான் வீட்டில் பேசும் பழக்கத்தில் வந்த மாற்றத்துக்கு நெருக்கமானது. இரண்டு ஆண்டுகளின் மொத்த வேறுபாட்டில் எஞ்சியது வயது அமைப்பு மாறியதால் வந்தது. புதிய நிரந்தரவாசிகளின் மொழிப் பின்னணி இதிலும் கலந்தே இருக்கும், அதை இந்த அட்டவணைகளால் பிரிக்க முடியாது என்று எழுதிவிடுங்கள்.

வட்டார அளவில் இரண்டு தடை. 2010 கணக்கெடுப்பு 2008ன் பெருந்திட்ட (நிலப் பயன்பாட்டுத் திட்டம்) எல்லைகளையும், 2020 கணக்கெடுப்பு 2019ன் எல்லைகளையும் பின்பற்றின. திட்டப் பகுதிப் பெயர்கள் அப்படியே இருந்தாலும் ஓரங்கள் நகர்ந்திருக்கலாம், துணைவட்டாரங்கள் பிரிந்திருக்கின்றன. இரண்டாவது, பொங்கோல் போன்ற இடம். அந்தப் பத்தாண்டில் அங்கே புதிதாகக் குடிவந்தவர்கள் ஏராளம். மொழி விழுக்காடு மாறினால் குடும்பங்கள் மொழி மாறின என்று ஆகாது, குடும்பங்களே மாறின. அங் மோ கியோ, பிடோக் போன்ற பழைய நகரங்களை மட்டும் எடுத்தால் ஓரளவு தப்பலாம், ஆனால் அங்கே முதியோர் பங்கு கூடியிருப்பதால் வயதைச் சரிசெய்தாக வேண்டும். அதற்குத் தேவையான வட்டாரம், வயது, மொழி மூன்றும் சேர்ந்த அட்டவணை கையில் இல்லையென்றால் வட்டார மாற்றம் பற்றி வரி எழுதாமல் இருப்பதே சரி.

காலாங் கரை:

இறக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் அன்றைய தேதி, அட்டவணைத் தலைப்பு, அடிக்குறிப்பு மூன்றையும் ஒரு உரைக் கோப்பில் வெட்டி ஒட்டி வையுங்கள். மறுவிற்பனைக் கோப்பு தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. அடுத்த மாதம் அதே பெயரில் இறக்கினால் வரிசை எண்ணிக்கை வேறாக இருக்கும். மூலக் கோப்பை எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். ‘10 டு 12’ என்பதுபோன்ற மாடிவரம்பு தப்பிக்கும், ‘2017-01’ என்ற மாதப் பத்தி தேதியாக மாறிவிடும்.