அலாவுதீன் கையில் வாள் இருந்ததா, இல்லையா?

மாட்டுங்காக்காரன் கேட்டது:

வீட்டில் ஒரு பந்தயம். 1995இல் மஸ்கட்டிலிருந்து வந்த சித்தப்பா எனக்கு ஒரு செகா மெகா டிரைவ் வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்தார். கூடவே ஒரே ஒரு கேசட்: அலாவுதீன். சந்தையில் நிற்கும் ஒட்டகத்தின் திமில்மேல் குதித்தால் அது எச்சிலைத் துப்பும். அது பட்டு எதிரே நிற்பவன் விழுவான். அந்த ஒரு வேடிக்கைக்காகவே முதல் கட்டத்தைத் தாண்டாமல் மணிக்கணக்கில் குதித்துக்கொண்டிருந்தேன். பையன் கையில் வளைந்த வாள் இருக்கும். எந்தப் பொத்தானை அழுத்தினால் வீசுவான் என்பது என் கட்டைவிரலுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

போன வாரம் செம்பூரில் மைத்துனர் வீட்டில் இதைச் சொன்னால், "வாளாவது ஒன்றாவது! எதிரியின் தலையில் குதிப்பான், ஆப்பிள் எறிவான், துணியை விரித்துக்கொண்டு மெல்ல இறங்குவான், அவ்வளவுதான்" என்கிறார். அவர் விளையாடியது அமெரிக்காவிலிருந்து அவருடைய பெரியப்பா மகன் கொண்டுவந்த சூப்பர் நின்டெண்டோவில். அதுவும் கறுப்பு வெள்ளையில்! தோற்றவர் ஞாயிற்றுக்கிழமை கஃபே மெட்ராஸில் டிபன் வாங்கித் தர வேண்டும். என் மகனுக்கு வேறு சந்தேகம்: "ஒரே கேம் எப்படியப்பா இரண்டு பெட்டியில் இரண்டு மாதிரி இருக்கும்?" அவன் பிளேஸ்டேஷன் 5இல் ஆடுவதும் நண்பன் எக்ஸ்பாக்ஸில் ஆடுவதும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றுதான். யாராவது தீர்ப்புச் சொல்லுங்கள்.

பழையகேசட் எழுதியது:

இருவரும் சொல்வது சரி. பெயர்தான் ஒன்று, கேம் இரண்டு. செகாவுக்கு விர்ஜின் நிறுவனத்தில் டேவிட் பெர்ரியின் குழு செய்தது. அதற்கு டிஸ்னி ஓவியர்களே கையால் அசைவுகளை வரைந்து கொடுத்தார்கள். நின்டெண்டோவுக்குச் செய்தது ஜப்பானின் கேப்காம். இரண்டும் வந்தது 1993இல். கதையும் ஆப்பிளும் பொது, மற்றபடி ஒரு வரி நிரல்கூடப் பொது இல்லை. கேப்காம் பக்கம் வேலை செய்த ஷின்ஜி மிகாமி (பிறகு ரெசிடென்ட் ஈவில் என்ற கேமை உருவாக்கியவர்) தனக்கும் வாள் வைக்க ஆசை இருந்தது என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். இதை மைத்துனரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறதென்று.

லேமிங்டன்ரோடு எழுதியது:

ஐயா, பதினெட்டு வருடம் இந்தப் பெட்டிகளைப் பிரித்துப் பழுது பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உள்ளே திறந்தால் இரண்டும் வேறு வேறு சாதி. மெகா டிரைவில் மோட்டோரோலா 68000 சிப், 7.6 மெகாஹெர்ட்ஸ். சூப்பர் நின்டெண்டோவில் அதிகபட்சம் 3.58. ஆனால் நிறத்தில் கதை தலைகீழ்: செகா ஒரே நேரத்தில் 64 நிறங்களுக்குள் திரையை முடிக்க வேண்டும், நின்டெண்டோவுக்கு 256. இசையில் இன்னும் தூரம். செகாவின் யமஹா சிப் ஒலியைத் தானே கட்டி எழுப்பும், அதனால்தான் அந்தக் கரகரப்பு. நின்டெண்டோவிலிருந்த சோனி சிப், பதிவு செய்த வாத்திய ஒலித்துணுக்குகளை இசைக்கும். ஒன்றுக்கு எழுதியதை மற்றதில் அப்படியே இறக்க வழியே இல்லை. திரும்ப முதலிலிருந்துதான் எழுத வேண்டும்.

கறுப்பு வெள்ளைக்கு மைத்துனரைக் கேலி செய்யாதீர்கள். அமெரிக்கப் பெட்டி அனுப்பியது என்டிஎஸ்சி சிக்னல், நம் ஊர் டிவி பிஏஎல். நிறத்தைக் குறிக்கும் முறை வேறு என்பதால் பழைய டிவிகள் படத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிறத்தை விட்டுவிடும். 110 வோல்ட் என்று தெரியாமல் நேராகச் சொருகி அடாப்டரைக் கருக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தவர்களும் உண்டு. அவருடைய பெட்டி பிழைத்ததே பெரிது.

அந்தேரி_டெஸ்டர் எழுதியது:

தம்பி கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன், கேம்களைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. பிளேஸ்டேஷன் 3 வரை (2006, அந்த செல் சிப்போடு மல்லுக்கட்டியவர்கள் சாபம் விடுவார்கள்) ஒவ்வொரு பெட்டியும் தனிக் குணம். 2013இல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுமே ஏஎம்டி நிறுவனத்தின் ஒரே மாதிரிச் சிப்புக்கு வந்துவிட்டன. 2020இல் வந்தவையும் அப்படியே. அதனால் ஒரே கேமை எழுதி இரண்டிலும் ஓட்டலாம். நான் நாள் முழுக்கத் தேடுவது நிழலின் ஓரம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறதா, கூட்டமான காட்சியில் வேகம் இரண்டு பிரேம் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) குறைகிறதா என்பதைத்தான். உங்கள் மகன் கண்ணுக்கு அது தெரியாததில் வியப்பில்லை.

வித்தியாசம் பார்க்க வேண்டுமென்றால் நின்டெண்டோவின் ஸ்விட்ச் பெட்டி பக்கம் வரச் சொல்லுங்கள். 2016இல் வந்த டூம் என்ற கேம் மற்ற பெட்டிகளில் நொடிக்கு 60 பிரேம், ஸ்விட்சில் 30, படமும் குழைந்திருக்கும். ஆனால் அதே கட்டங்கள், அதே பூதங்கள். ஒருவன் கையில் வாள், இன்னொருவன் வெறுங்கை என்கிற கூத்தெல்லாம் இல்லை. எனக்கு அன்றாடம் எரிச்சல் தருவது ஒன்றுதான்: எக்ஸ்பாக்ஸில் ஏ பொத்தான் கீழே, நின்டெண்டோவில் வலப்பக்கம். மதியத்துக்கு மேல் பெட்டி மாற்றினால் 'சரி' என்று நினைத்து 'ரத்து' அழுத்திவிடுகிறேன்.

பழையகேசட் எழுதியது:

விடுபட்டது ஒன்று: 2019இல் செகா அலாவுதீனை இன்றைய பெட்டிகளுக்கு மறுபடி வெளியிட்டார்கள். 2021இல் அதே தொகுப்புக்குக் கேப்காமுடையதையும் சேர்த்துவிட்டார்கள். பந்தயத்தை நேரிலேயே தீர்த்துக்கொள்ளலாம்.

மாட்டுங்காக்காரன் எழுதியது:

நேற்று இரவு மைத்துனரை அழைத்து இரண்டையும் ஓட்டினோம். முப்பது வருடம் கழித்து வண்ணத்தில் பார்த்தவர், அலாவுதீன் போட்டிருக்கும் மேலங்கி ஊதா என்று இப்போதுதான் தெரியும் என்றார். என்னுடையதில் ஒட்டகத்தின் மேல் அவரே பத்து முறை குதித்தார். டிபன் பில் பாதிப் பாதி என்று முடிவு. ரசவடை மட்டும் அவர் கணக்கு, கேலிக்கு வட்டியாக.