ரேஞ்ச்ஃபைண்டரில் ஃபோகஸ் ஆனது எப்படித் தெரியும்?

டிஜிட்டல்வாசி:
இதுவரை டிஎஸ்எல்ஆர் மட்டும்தான் பழக்கம். இப்போது பழைய ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்று வாங்கியிருக்கிறேன். லென்ஸை எப்படித் திருகினாலும் வ்யூஃபைண்டரில் எல்லாமே தெளிவாகத்தான் இருக்கிறது, நடுவில் ஒரு சின்ன மஞ்சள் கட்டத்தில் மட்டும் உருவம் இரட்டையாகத் தெரிகிறது. எதை நம்பி கிளிக் செய்வது?

இருட்டறை:
அந்தக் கட்டத்தைத்தான். நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, அதனால் மங்கல் என்பதே தெரியாது (மூடியைக் கழற்றாமல் எடுத்தாலும் தெரியாது!). முன்பக்கம் இரண்டு ஜன்னல்கள் இருக்கும் பாருங்கள். பெரியதன் வழியே நேராகப் பார்க்கிறீர்கள். சின்னதில் நுழையும் ஒளி உள்ளே ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, பாதி ஒளியை மட்டும் பிரதிபலிக்கும் இன்னொரு கண்ணாடி வழியாக அதே காட்சியின் மேல் விழுகிறது. பொருள் கிட்டே வர வர இரண்டு பார்வைக்கும் உள்ள கோணம் கூடும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது நெம்புகோல் ஒன்று அந்த முதல் கண்ணாடியை இம்மியளவு நகர்த்தும். இரண்டு உருவமும் ஒன்றானால் லென்ஸ் சரியான தூரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். கதவு நிலை, விளக்குக் கம்பம் மாதிரி செங்குத்துக் கோடாகப் பார்த்துப் பொருத்துங்கள், சுலபம்.

ஐம்பதுமிமீ:
ஜன்னல்களுக்கு இடையே உள்ள தூரமும் முக்கியம். 1954இல் வந்த லைக்கா எம்3 கேமராவில் அது சுமார் 68.5 மி.மீ., வ்யூஃபைண்டர் உருப்பெருக்கம் 0.91. இரண்டையும் பெருக்கினால் 62 சொச்சம். இந்த எண் கூடக் கூட ஃபோகஸ் துல்லியமும் கூடும், அதனால்தான் 50 மி.மீ. லென்ஸுக்கு அதை அடித்துக்கொள்ள இன்றும் ஆளில்லை என்பேன். ஆனால் 135 மி.மீ.க்கு மேல் போனால் இந்த முறையின் துல்லியம் போதாது. ரொம்பக் கிட்டப் போகவும் முடியாது, பெரும்பாலானவை 0.7 முதல் 1 மீட்டரோடு நின்றுவிடும்.

டிஜிட்டல்வாசி:
புரிந்தது, நன்றி. ஆனால் என்னுடையதில் இரண்டாவது உருவம் ரொம்ப மங்கல், வீட்டுக்குள் தெரியவே இல்லை.

இருட்டறை:
கண்ணாடிப் பூச்சு தேய்ந்திருக்கும், இல்லை தூசு. தற்காலிகமாக, பெரிய ஜன்னலின் வெளிப்பக்கம் நட்டநடுவே ஒரு துளி கறுப்பு டேப் ஒட்டுங்கள். நேர்க்காட்சி அந்த இடத்தில் இருண்டு இரண்டாவது உருவம் எடுப்பாகத் தெரியும். அப்புறம் லென்ஸை இன்ஃபினிட்டியில் (மிகத் தொலைவைக் குறிக்கும் ∞ அடையாளம்) வைத்து நிலாவையோ தூரத்துக் கோபுரத்தையோ பாருங்கள். உருவம் மேலும் கீழுமாக விலகினால் கண்ணுக்குத்தான் எரிச்சல். பக்கவாட்டில் விலகினால் ஃபோகஸே தவறும், ஃபிலிம் போடும் முன் சரிசெய்யக் கொடுத்துவிடுங்கள்.