மக்கள் தொடர்பு ஆய்வுத் தலைப்பு: எந்தக் கோட்பாட்டைப் பிடிப்பது?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, திருநெல்வேலியில் இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த மாதக் கடைசிக்குள் ஆய்வுத் தலைப்பைக் கொடுக்க வேண்டும், கோட்பாட்டில் மாட்டி நிற்கிறேன்.

களம் 2023 டிசம்பர் 17, 18 தாமிரபரணி வெள்ளம். வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம் பக்கம் 14 பேரிடம் பேசிவிட்டேன். ஓர் அக்கா அன்று ராத்திரி வந்த வாட்ஸ்அப் எச்சரிக்கையை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார், அது வந்தபோது தண்ணீர் வாசல்படி ஏறிவிட்டதாம். இந்தக் களத்தை விட எனக்கு மனசே இல்லை.

முதலில் குரூனிக், ஹன்ட் என்ற ஆய்வாளர்கள் 1984இல் சொன்ன மக்கள் தொடர்பின் நான்கு மாதிரிகளை எடுத்தேன். நிறையப் பேர் செய்துவிட்டார்கள் என்று வழிகாட்டி திருப்பிவிட்டார். அப்புறம் கூம்ப்ஸின் சூழல்சார் நெருக்கடித் தொடர்புக் கோட்பாடு, அதாவது நெருக்கடிக்கு மக்கள் ஒரு நிறுவனத்தை எவ்வளவு பொறுப்பாக்குகிறார்களோ அதற்கேற்ப அது பதில் சொல்ல வேண்டும் என்பது. அதில் இயற்கைப் பேரிடர் என்றால் நிறுவனமும் பாதிக்கப்பட்ட தரப்புதான், பொறுப்பு குறைவு என்று வரும், ஆனால் நான் பேசியவர்கள் யாரும் மழையைக் குறை சொல்லவில்லை, தகவல் தாமதமானதைத்தான் சொல்கிறார்கள். மக்கள் எப்போது தகவலைத் தேடுவார்கள், கவனிப்பார்கள் என்று விளக்கும் குரூனிக்கின் சூழல்சார் பொதுமக்கள் கோட்பாடும் பார்த்தேன். பிரச்சினையை உணர்வது, தடைகளை உணர்வது, ஈடுபாடு என மூன்றும் என் பேட்டிகளுக்கு ஒத்துவருகின்றன, எச்சரிக்கை அனுப்பியவர்கள் பக்கம்தான் விடுபடுகிறது.

ஒரே கேள்வி: கூம்ப்ஸா, பொதுமக்கள் கோட்பாடா, எந்த ஒன்றை வைத்து இந்தத் தலைப்பைக் குறுக்கலாம்?