திங்க்பேட் டி460 லேப்டாப், டெபியன் 12 லினக்ஸ்: உள்மோடம் தெரிகிறது, ஆனால் எனேபிள் ஆகவில்லை

கேள்வி
லேப்டாப்புக்குள் சிம் போட்டு மொபைல் இணையம் பெறும் மோடம், சியரா ஈஎம்7455. யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி-யில் அதன் அடையாள எண் 1199:9079 என்று வருகிறது, சிம்மும் தெரிகிறது. மோடத்தை இயக்கும் எம்எம்சிஎல்ஐ கட்டளையில் எனேபிள் கொடுத்தால் ‘இன்வேலிட் ட்ரான்சிஷன்’ என்று பிழை. பவர் ஸ்டேட் ‘லோ’விலேயே நிற்கிறது. ரேடியோக்களை முடக்கும் ஆர்எஃப்கில் எதையும் தடுக்கவில்லை. மோடம் பழுதா நண்பர்களே?

பதில் 1
பழுது இல்லை, இது எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பூட்டு. அமெரிக்க விதிப்படி மோடத்தையும் ஆன்டெனாவையும் லேப்டாப்போடு சேர்த்தே சோதித்து அனுமதி தருகிறார்கள். அதனால் உரிய லேப்டாப்பில் இருப்பதாக மென்பொருள் சொல்லும்வரை மோடம் ரேடியோவை ஆன் செய்யாது. முன்பு மோடத்தை நிர்வகிக்கும் மோடம்மேனேஜர் சேவை பூட்டைத் தானே திறந்துவிடும். அதன் 1.18.4 பதிப்பு முதல் அது பயனரின் பொறுப்பு.

முதலில் மோடத்திடம் நேரடியாகப் பேசும் எம்பிஐஎம்சிஎல்ஐ கட்டளையில் ரேடியோ ஸ்டேட்டைக் கேளுங்கள். ஹார்டுவேர் ‘ஆன்’, சாஃப்ட்வேர் ‘ஆஃப்’ என்று வந்தால் இதே பூட்டுதான்.

லிப்க்யூஎம்ஐ-யுடில்ஸ் தொகுப்பு இருக்கிறதா பாருங்கள். திறக்கும் ஸ்கிரிப்ட் அதிலுள்ள க்யூஎம்ஐசிஎல்ஐ கட்டளையைத்தான் அழைக்கும், அது இல்லையென்றால் பூட்டு திறக்காது. பிறகு /யுஎஸ்ஆர்/ஷேர்/மோடம்மேனேஜர்/எஃப்சிசி-அன்லாக்.அவைலபிள்.டி அடைவில் உள்ள 1199:9079 கோப்புக்கு, /எட்சி/மோடம்மேனேஜர்/எஃப்சிசி-அன்லாக்.டி அடைவில் அதே பெயரில் ரூட் பயனராக ஒரு சிம்லிங்க் (மூலக் கோப்பைச் சுட்டும் இணைப்பு) போடுங்கள். மோடம்மேனேஜர் சேவையை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

பழைய குறிப்புகளில் க்யூஎம்ஐசிஎல்ஐ கட்டளையை பூட் ஆகும்போது ஒருமுறை ஓட்டச் சொல்லியிருப்பார்கள். அது வேண்டாம். சஸ்பெண்ட் ஆகி எழுந்தபின் பூட்டு திரும்ப விழுந்தால் அது உதவாது. சிம்லிங்க் இருந்தால் தேவைப்படும்போதெல்லாம் மோடம்மேனேஜரே ஸ்கிரிப்டை ஓட்டிக்கொள்ளும்.

கேட்டவர்
திறந்துவிட்டது, மிக்க நன்றி! இப்போது ‘ரெஜிஸ்டர்டு’ என்கிறது, ஆனால் இணையம் வரவில்லை. ஜியோ சிம்.

பதில் 2
நெட்வொர்க்மேனேஜரில் ஜிஎஸ்எம் (மொபைல்) வகை இணைப்பு ஒன்று உருவாக்குங்கள். ஏபிஎன் (சிம் நிறுவனத்தின் இணைய வாயிலின் பெயர்) ‘ஜியோநெட்’, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல். ஐபிவி6-ஐ அணைக்காதீர்கள், ஜியோ பெரிதும் அதையே நம்பியிருக்கிறது. மோடத்தின் இனிஷியல் பேரர் (முதல் தரவு இணைப்பு) அமைப்பிலும் இதே ஏபிஎன்னைக் கொடுங்கள். 4ஜி-யில் பதிவாகும்போதே ஒரு பேரர் உருவாகிவிடும், அங்கே பழைய சிம்மின் ஏபிஎன் தங்கியிருந்தால் சிக்கல்தான்.

வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். நெட்வொர்க்மேனேஜர் வைஃபைக்கு 600, மொபைலுக்கு 700 என்று ரூட் மெட்ரிக் (பாதை முன்னுரிமை எண்) வைக்கும். எண் குறைந்ததற்கே முன்னுரிமை என்பதால் இரண்டும் இருந்தால் வைஃபை வழியாகத்தான் போகும்.

வேகம் போனை விடக் குறைவாக இருந்தால் அமைப்பில் தவறு தேடாதீர்கள். ஈஎம்7455-இல் பேண்ட் 40 (ஒரு 4ஜி அலைவரிசை) கிடையாது, ஜியோவின் 3, 5 மட்டுமே பிடிக்கும். 40-ம் வேண்டுமென்றால் ஆசியச் சந்தைக்கான ஈஎம்7430-தான் பொருத்தம். ஆனால் வாங்குமுன் உங்கள் பயாஸ் அந்த கார்டை ஏற்குமா என்று பாருங்கள், திங்க்பேட்களில் அனுமதிப் பட்டியல் உண்டு.