லோன்சம் (1928): ஊமைப்படத்துல திடீர்னு பேச்சு ஏன்? எந்தப் பிரதி பார்க்கலாம்?

சில்வண்டு:
பால் ஃபெயோஷ் இயக்கிய படம். நியூயார்க்ல இருக்குற கேளிக்கை இடமான கோனி தீவு, சனிக்கிழமை அரைநாள் லீவு, கூட்டத்துல சந்திச்சு அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் தொலைச்சிடுற ஜிம், மேரி. அருமையா ஓடிட்டிருக்கு, கடற்கரையில ரெண்டு பேரும் வாயைத் திறந்ததும் கேமரா ஆணி அடிச்ச மாதிரி நின்னுடுது. பிரதியில கோளாறா? தலையும் வெட்டுப்படுது. வண்ணம் இருக்குன்னாங்க, எனக்கு வந்தது வெறும் கறுப்பு வெள்ளை.

பழையரீல்:
பேச்சு கோளாறு இல்லை. 1927-ல் பேசும்பட மோகம் கிளம்பியதும், ஊமைப்படமாக எடுத்ததில் யுனிவர்சல் மூன்று பேச்சுக் காட்சிகளைச் செருகியது. அப்போது கேமரா இரைச்சல் மைக்கில் விழும் என்று அதை ஒலி வெளியேறாத கூண்டுக்குள் அடைப்பார்கள். மைக்கும் நகராது, நடிகரும் நகர முடியாது. கூட்டத்துக்குள் புகுந்து பறந்த கேமரா அங்கே முடமாகிவிடுவது அதனால்தான்.

தலை வெட்டுவது பிரதியின் குற்றம். ஒலிப்பட்டை ஃபிலிமின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வதால் படச்சட்டத்தின் அகல-உயர விகிதம் 1.33:1-லிருந்து சுமார் 1.19:1 ஆகச் சுருங்கி, கிட்டத்தட்ட சதுரமாகிவிடும். பிற்கால 1.37 அளவுக்கு மாற்றினால் படத்தின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் வெட்டுப்பட்டுவிடும். டிவியில் ஜூம், ஸ்ட்ரெச் இரண்டையும் அணைத்துப் பாருங்கள். அப்போதும் தலை இல்லையென்றால் வேறு பிரதிதான் வழி.

கோபுரவிளக்கு:
வண்ணம் இரவு விளக்குக் காட்சிகள்ல மட்டும்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்டென்சில் (துளை அச்சு) வெட்டிச் சாயம் பூசினது. பல்பு வரிசை மட்டும் மின்னும், சுத்தி இருட்டு அப்படியே இருக்கும். கறுப்பு வெள்ளைக்கு மாத்தின பிரதியில இதெல்லாம் சாம்பலாயிடும். பழைய படங்களை வட்டுல வெளியிடுற கிரைட்டீரியன் நிறுவனத்தோட 2012 ப்ளூ-ரே வாங்குங்க. ஓட்டம் சுமார் 69 நிமிஷம். தொண்ணூறு நிமிஷம் காட்டுச்சுன்னா விநாடிக்கு 24 படச்சட்டம் ஓட வேண்டியதை 18-ல இழுக்கிறாங்கன்னு அர்த்தம்.

சில்வண்டு:
ரொம்ப நன்றி. பேச்சு வர்ற இடத்துல ஒலியை நிறுத்திட்டுப் பார்த்தா என்ன?

பழையரீல்:
வேண்டாம் நண்பரே. வசனம் மட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரோலர் கோஸ்டரில் இருவரும் தனித்தனிப் பெட்டியில் மாட்டிக்கொள்ள, மேரியின் பெட்டிச் சக்கரம் தீப்பிடிக்கிறது, அவள் மயங்கி விழுகிறாள், ஓடி வரும் ஜிம்மை போலீஸ் மறிக்கிறது. அடுத்து ஸ்டேஷனில் அவன் வெடிக்கும் இடத்துக்குக் குரல் தேவை.

கோபுரவிளக்கு:
அதோட, முடிவே காதுலதான் இருக்கு (இன்னும் முழுசா பார்க்காதவங்க இதைத் தாண்டிப் போங்க). ரெண்டு பேருக்கும் முதல் பெயர் மட்டும்தான் தெரியும், விலாசம் கிடையாது. ஜிம் தன் அறையில 'ஆல்வேஸ்' இசைத்தட்டைப் போடுறான், பக்கத்து அறையில மேரி! இர்விங் பெர்லின் 1925-ல எழுதின அந்தப் பாட்டு முன்னாடியே நம்ம காதுல விழுந்திருக்கணும். அசல் ஒலியைத் தூக்கிட்டு ஏதோ பியானோவை ஒட்டின பிரதியில, அவ ஏன் துடிக்கிறான்னே விளங்காது.