பீப் டெஸ்டில் முதலாவது, ஆனால் அந்த ஒரு திருப்பத்தில் கால் வரவில்லை

பம்பலப்பிட்டி கோல் டிஃபென்ஸ்:
மூன்று வருடம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அலுவலகங்களுக்கிடையிலான வலைப்பந்துப் போட்டி. பீப் சத்தத்துக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக்கொண்டே அங்குமிங்கும் ஓடுகிற பீப் டெஸ்டில் எங்கள் அணியில் கடைசிவரை நின்றவள் நான். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்ற பிறகும் எனக்கு மூச்சு மிச்சம் இருந்தது. அதனால்தான் என்னை, எதிரணியின் கோல் அட்டாக்கைத் தடுக்கிற கோல் டிஃபென்ஸ் இடத்தில் போட்டார்கள்.

கடைசிக் கால்பகுதி, ஒரு கோல் வித்தியாசம். எதிரணியின் கோல் அட்டாக் என்னைவிடப் பத்து வயதாவது மூத்த அக்கா. கோல் வட்டத்தின் விளிம்பில் தோளை மட்டும் ஒரு பக்கம் அசைத்தார். நான் அந்தப் பக்கம் பாய்ந்தேன். அவர் மற்றப் பக்கத்தால் உள்ளே போவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் பாரம் முழுவதும் இடது காலில். உதைத்துத் திரும்ப முடியவில்லை. பந்து அவர் கையில். கோச் சொன்னது ஒன்றுதான்: "உமக்கு ஓடத் தெரியும், திரும்பத் தெரியாது."

பாடசாலையில் உடற்றகைமைக் கூறுகளைப் பாடமாக்கி எழுதியவள்தான் நான். தாங்குதிறன் ஒரு வரி, வேகமாகத் திசை மாற்றுகிற சுறுசுறுப்பு இன்னொரு வரி. இரண்டும் வேறு என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கொட்டாஞ்சேனை கீப்பர்:
எனக்கு உதைபந்தாட்டத்தில் ஒரு பெனால்டி. அதற்கு முதல் வாரம்தான் துலங்கல் நேரம், அதாவது கண்டதற்கு உடல் அசையத் தொடங்க எடுக்கும் நேரம், பார்ப்பதற்காக நண்பன் அடிமட்டத்தை விட்டுவிட, அது 15 சென்ரிமீற்றர் விழுவதற்குள் நான் பிடித்தேன். கணக்குப் பார்த்தால் 0.17 விநாடி. அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை. 11 மீற்றரிலிருந்து பந்து மணிக்கு 90 கிலோமீற்றரில் வந்தால்கூட 0.44 விநாடி இருக்கிறதே.

மழையில் ஊறிய மைதானம். அவன் அடித்தான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன், வலையில் பந்து பட்ட சத்தம்தான் கேட்டது. அடிமட்டம் எப்போதும் கீழேதான் விழும், பந்து எங்கேயும் போகும். எந்தப் பக்கம் என்று தெரிவு செய்ய வேண்டி வந்தால் துலங்கல் நேரம் கூடிவிடும். அக்கா, உங்களுடைய பிரச்சினையும் இதுதான். கால் இல்லை, கண்.

தெஹிவளை மாஸ்டர்:
தம்பி, எல்லாவற்றையும் துலங்கல் நேரத்தின் தலையில் போட வேண்டாம். தங்கச்சி எழுதியதை மறுபடி வாசியும். அவர் கண்டுவிட்டார், கால்தான் வரவில்லை. நானும் சுகததாச மைதானத்தில் 100 மீற்றர் ஓடியவன். வெடிச் சத்தத்துக்கு முதலில் கிளம்புவது நான், 30 மீற்றரில் எல்லோரும் என்னைத் தாண்டிவிடுவார்கள். எங்கள் நாட்டு ஓட்டவீரர் யுபுன் அபேகோன் 2022இல் 100 மீற்றரை 9.96 விநாடியில் ஓடியதைப் பார்த்தபோதும் எனக்கு அந்த 30ஆவது மீற்றர்தான் ஞாபகம் வந்தது. துலங்கல் நேரம் நல்லாக இருந்து எனக்கு என்ன கிடைத்தது?

தங்கச்சி, திரும்புவதற்கு முதல் நிற்க வேண்டும். உடலின் வேகத்தை ஒரு காலால் பிடித்து நிறுத்துவதற்குத் தொடையில் பலம் வேண்டும். ஐந்து மீற்றர் ஓடி, இடுப்பைத் தாழ்த்தி, குறுகிய எட்டு வைத்து நிற்கப் பழகும். அது வந்த பிறகுதான் திருப்பம். கூம்பு வைத்து வளைந்து ஓடுவது மட்டும் போதாது. அடுத்த கூம்பு எங்கே என்று முன்னமே தெரியும், அதில் திசை மாற்றம்தான் பழகும். எதிரே ஒருவரை நிற்க வைத்து, அவர் கை காட்டும் பக்கம் போக வேண்டும். அப்போதுதான் தம்பி சொல்கிற கண்ணும் சேரும். பத்து விநாடி செய்தால் ஒரு நிமிடம் ஆறும். பயிற்சியின் தொடக்கத்தில், கால் களைக்காத நேரத்தில் செய்யும். தாங்குதிறனைக் கைவிடச் சொல்லவில்லை. களைத்த கால் பிரேக் பிடிக்காது.

வெள்ளவத்தை பூப்பந்து:
சமநிலையை யாரும் சொல்லவில்லையே. பூப்பந்து விளையாடிக் கணுக்கால் சுளுக்கி, வலி போய் மூன்று மாதம். காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ் முழுதாக நிற்கவில்லை, இறங்கினேன், அதே கால் மறுபடி மடங்கியது. பிசியோ கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நல்ல காலில் இருபது விநாடி நின்ற எனக்கு மற்றக் காலில் நாலு. வீக்கமும் இல்லை, வலியும் இல்லை என்று இவ்வளவு நாளும் அந்தக் காலை நம்பி ஸ்மாஷ் அடித்திருக்கிறேன். இப்போது பல் துலக்கும்போதெல்லாம் ஒற்றைக் கால்தான்.

பம்பலப்பிட்டி கோல் டிஃபென்ஸ்:
மாஸ்டர், நன்றி. இனிக் கை காட்ட ஓர் ஆள் தேட வேண்டும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த அக்காவைப் போன மாதம் வெள்ளவத்தைச் சந்தையில் கண்டேன். அந்தக் கோலை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. "தோளை ஆட்ட முதலே எனக்குத் தெரியும், நீங்கள் எப்பவும் இடது காலிலதான் பாரம் போட்டு நிப்பீங்கள். மூன்று கால்பகுதியும் உங்கட காலைத்தானே பார்த்துக்கொண்டு இருந்தனான்" என்றார்.